போன ஆண்டு வாசித்த கட்டுரைகள் என்ன ஆயின?
வட்டார உளவியல் சங்கங்களும் ஆண்டு மாநாடுகளும்: மேற்குச் சென்னையை முன்வைத்து

1957-இல் சென்னையிலிருந்து ஓர் உளவியல் ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. 'ஜர்னல் ஆஃப் சைக்கலாஜிகல் ரிசர்ச்சஸ்' என்று பெயர். வெளியிட்டது மெட்ராஸ் சைக்காலஜி சொசைட்டி. முன்னின்றவர் சென்னைப் பல்கலைக்கழக உளவியல் துறையைக் கட்டியெழுப்பிய பேராசிரியர் ஜி.டி. போவாஸ். அந்தத் துறையே 1943-இல்தான் ஆரம்பமாகியிருந்தது. இதழ் வந்து ஏழாண்டில், 1964-இல், 'இந்தியன் ஜர்னல் ஆஃப் அப்ளைடு சைக்காலஜி' என்ற இன்னொன்றும் இதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதன் பேரோடு சேர்ந்தே நினைவுக்கு வருபவர் பேராசிரியர் டி.இ. சண்முகம். துறை பிறந்து இருபது சொச்சம் ஆண்டுகளுக்குள் ஒரே ஊரில் இரண்டு ஆய்விதழ்கள். இத்தனைக்கும் அப்போது உளவியலைப் பாடமாக வைத்திருந்த கல்லூரிகள் மாநிலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இன்று நிலைமை தலைகீழ். அம்பத்தூரிலிருந்து ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி வரை ஒரு சுற்றுச் சுற்றினால் கலைக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். உளவியல் பட்டப் படிப்புக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. வட்டார அளவில் சங்கம் வைக்கிறார்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு மாநாடு நடத்துகிறார்கள். மாநாடுகள் பெருகிய அளவுக்கு இந்த மண்ணைப் பற்றிய உளவியல் அறிவு பெருகியிருக்கிறதா என்று கேட்டால், பதில் சங்கடமானது. வட்டாரச் சங்கம் என்ற ஒன்று எதற்காக இருக்கிறது, அதன் ஆண்டு மாநாட்டால் ஆக வேண்டிய காரியம் என்ன என்பதை ஒருதரம் முழுசாகப் பார்த்துவிடலாம்.

சங்கம் கூடும் வழக்கம் இந்தத் துறையின் வயதுக்குக் கிட்டத்தட்டச் சமமானது. ஜி. ஸ்டான்லி ஹால் அமெரிக்க உளவியல் கழகத்தைத் தொடங்கியது 1892-இல். பிரிட்டனில் 1901 அக்டோபரில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பத்துப் பேர் கூடித் தங்கள் சங்கத்தை ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகம் 1916-இல் சோதனை உளவியலுக்குத் தனித் துறை கண்டது. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய என்.என். சென்குப்தா அதற்குத் தலைவர். 1922-இல் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார், ஃபிராய்டுடன் கடிதப் போக்குவரத்தும் வைத்திருந்தார். மைசூரில் 1924-இல் துறை தொடங்கிய எம்.வி. கோபாலசாமி ஸ்பியர்மனின் மாணவர். பிற்பாடு மைசூரில் வானொலி நிலையம் ஒன்றை ஆரம்பித்து 'ஆகாசவாணி' என்று அழைத்தவரும் அவரே.

இவர்கள் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை சந்தித்துக்கொள்ள முதலில் அமைந்த மேடை இந்திய அறிவியல் மாநாடு. அதற்கு யோசனை சொன்ன இருவரில் ஒருவரான ஜே.எல். சைமன்சன் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். முதல் மாநாடு 1914-இல் கல்கத்தாவில், இரண்டாவது மறு ஆண்டே சென்னையில். 1923-இல் உளவியலுக்கு அதில் தனிப் பிரிவு கிடைத்தது. தூரத்தூரத்துக் கல்லூரிகளில் ஒண்டியாக உட்கார்ந்திருந்த ஆசிரியர்களுக்கு, செய்த வேலையை இன்னொருவர் கண்ணில் காட்டித் திருத்திக்கொள்ள அதைவிட்டால் வழியில்லை. மாநாட்டின் ஆதி நோக்கம் அவ்வளவுதான்: சக தொழிலாளி முன்னால் கணக்கை ஒப்படைப்பது.

அந்த நோக்கம் எங்கே தடம் மாறியது என்பதற்குத் தேதியே சொல்லலாம். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் இத்தனை புள்ளி. 2016-இல் வந்த முனைவர் பட்ட விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும், கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகளாவது வாசித்திருக்க வேண்டும் என்றன. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். ஆனால் லட்சக்கணக்கான ஆய்வு மாணவர்களுக்கு ஆளுக்கு இரண்டு சான்றிதழ் தேவை என்று ஆனதும், அதை வழங்குவதற்கென்றே ஒரு சந்தை உருவானது. 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. தரமான இதழ்களைப் பட்டியலிட 2019-இல் வந்த 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. விதி போயிற்று, பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கம் எப்படியிருக்கும் என்பது இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். வாசலில் ஃபிளெக்ஸ், அதில் ஏழெட்டு சின்னங்கள், பாஸ்போர்ட் அளவில் தலைகள். உள்ளே நுழைந்ததும் பதிவு மேசை. பணம் கட்டிய ரசீதைக் காட்டினால் ஒரு ஃபைல், ஒரு பேனா, உணவுக் கூப்பன். பத்து மணி நிகழ்ச்சி பதினொன்றுக்குக் குத்துவிளக்கோடு தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரைகள். சிறப்புரை முடியும்போது மணி பன்னிரண்டரை. கட்டுரை வாசிப்பு சாப்பாட்டுக்குப் பின், நான்கு வகுப்பறைகளில் ஒரே நேரத்தில். ஆளுக்கு ஏழு நிமிடம், ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மணி. ஸ்லைடில் முன்னுரை முடிந்து 'மெத்தடாலஜி' வருவதற்குள் அந்த மணி அடித்துவிடும். வாசித்தவர் தன் முறை முடிந்ததும் எழுந்து போய்விடுவார். அடுத்தவருக்குக் கேட்பவர்களாக மிஞ்சுவது 'ஆன் டூட்டி' வருகைப் பதிவு கிடைத்ததால் வந்த மூன்றாமாண்டு மாணவிகள். கேள்வி நேரத்தில் அமர்வின் தலைவர் ஒரு கேள்வி கேட்பார், பெரும்பாலும் மாதிரியின் அளவு பற்றி. நாலரைக்குச் சான்றிதழ், குழுப் படம், கலைதல்.

இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. நடத்துபவர்களின் உழைப்பு உண்மையானது. கல்லூரி நிர்வாகத்திடம் அனுமதி வாங்குவதிலிருந்து சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொல்வது வரை ஓர் உதவிப் பேராசிரியர் தலையில்தான் விடிகிறது. முதல்முறை மேடையேறும் மாணவிக்கு அந்த ஏழு நிமிடம் பெரிய விஷயம். அதையும் குறைத்துப் பேசக்கூடாது. என் புகார் வேறு. அங்கே வாசிக்கப்பட்டது எதுவும் மறுநாள் முதல் யார் கணக்கிலும் இல்லை.

வாசிக்கப்படுவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மாநாட்டு மலரை எடுத்துப் புரட்டினால் ஒரு அச்சு கண்ணுக்குத் தெரியும். 'கல்லூரி மாணவர்களிடையே மன அழுத்தமும் சுயமதிப்பும்', 'வளரிளம் பருவத்தினரின் கைப்பேசிப் பயன்பாடும் தூக்கமும்'. தன் கல்லூரி மாணவர்களுக்கே கூகுள் ஃபார்ம் அனுப்பி, அமெரிக்காவில் உருவான ஓர் அளவுகோலை ஆங்கிலத்திலேயே கொடுத்து, ஆண் பெண் சராசரியை ஒப்பிட்டு, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு' என்று முடிப்பது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மேலை உளவியலின் மீது இப்போது உலகமே வைக்கும் குற்றச்சாட்டும் இதேதான். ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் ஆறு முன்னணி இதழ்களை அலசி, ஆய்வில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்திய தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று காட்டினார். அதிலும் கணிசமானோர் கல்லூரி மாணவர்கள். 2015-இல் வெளியான இன்னொரு பெரும் கூட்டு முயற்சி, பேர்பெற்ற இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு 'குறிப்பிடத்தக்க' முடிவு சொன்னவை. திரும்பச் செய்தபோது தேறியது 36 விழுக்காடு. நாம் அவர்களுடைய அளவுகோலை வாங்கியதோடு நிற்காமல், அவர்களே கைவிடப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறோம்.

அளவுகோல் விஷயத்தைச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் வட்டாரச் சங்கத்துக்கு வேலை மலைபோல் குவிந்து கிடப்பது இங்கேதான்.

பட்டாபிராமிலிருந்து ஒரு தாய் எட்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக அரசு மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உளவியலாளர் மேசைமேல் மரப்பலகை ஒன்றை வைக்கிறார். வட்டம், நட்சத்திரம், சிலுவை என்று பத்துக் குழிகள்; குழிக்கு ஏற்ற பத்து மரத்துண்டுகள். செகுவின் பலகை என்பார்கள். மூன்று தடவை பொருத்தச் சொல்லி, நிறுத்துக் கடிகாரத்தில் எந்தத் தடவை சீக்கிரம் முடித்தான் என்று குறித்துக்கொள்கிறார். பிறகு தாயைக் கேட்கிறார்: தானே சாப்பிடுவானா, பொத்தான் போடுவானா, பக்கத்து வீட்டுக்குத் தனியாகப் போய் வருவானா, கடையில் சின்னச் சாமான் வாங்கி வருவானா. இது வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். எட்கர் டோல் அமெரிக்காவில் 1930-களில் செய்தது, நாக்பூரில் ஏ.ஜே. மாலின் அதை இந்தியாவுக்குத் தக்கவாறு மாற்றினார். 89 கேள்விகள்.

அந்தத் தாய் 'கடைக்கெல்லாம் அனுப்ப மாட்டேன் சார்' என்கிறார். ஏன் அனுப்பவில்லை? வீட்டு வாசலில் சி.டி.எச். ரோடு, லாரியும் கம்பெனி பஸ்ஸும் இடைவெளி விடாமல் ஓடுகின்றன. எந்தத் தாய்தான் அனுப்புவார்? ஆனால் தாளில் அது பையனின் கணக்கில் குறைகிறது. இந்தப் பகுதியில், இன்றைய தேதியில், எவ்விதக் குறையும் இல்லாத எட்டு வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் தனியாகக் கடைக்குப் போகிறார்கள் என்ற எண் கையில் இருந்தால், உளவியலாளர் அந்த விடையைச் சரியாக எடைபோட முடியும். அப்படி ஓர் எண்ணைச் சேகரிக்கப் பெரிய நிதியோ கருவியோ வேண்டாம். நான்கு கல்லூரிகளின் முதுகலை மாணவர்கள் ஒரு பருவம் வேலை செய்தால் போதும்.

நுண்ணறிவுச் சோதனைகளின் கதை இதைவிடப் பழையது. வி.வி. காமத் ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக மாற்றியமைத்தது 1934-இல். அந்த பினே-காமத் சோதனை இன்றும் மருத்துவமனைகளில் புழங்குகிறது. சந்திர மோகன் பாட்டியா தன் ஐந்து செயல்திறன் சோதனைகளை 1955-இல் வெளியிட்டார். அவர் தரப்படுத்தியது உத்தரப் பிரதேசச் சிறுவர்களை வைத்து. இந்தியக் குழந்தைகளுக்கான மாலினின் சோதனை 1969. அவரவர் காலத்தில் மூவரும் செய்தது அரிய காரியம், தனி ஆளாக இழுத்த தேர். அதற்குப் பின் தலைமுறைகள் மாறிவிட்டன. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் அருகிவிட்டார்கள். சத்துணவும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்துவிட்டன. நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்கள் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே போகின்றன என்பதை ஜேம்ஸ் ஃபிளின் 1980-களிலேயே பல நாட்டுப் புள்ளிவிவரங்களோடு காட்டிவிட்டார். அமெரிக்காவில் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி. பழைய நெறிமதிப்போடு இன்றைய பிள்ளையை ஒப்பிட்டால், மெய்யாகவே உதவி தேவைப்படும் பிள்ளை 'ஓரளவு பரவாயில்லை' என்ற பக்கம் போய் விழலாம். அரசு உதவிகளுக்கு 40 விழுக்காடு ஊனம் என்ற கோடு இருக்கும் நாட்டில் அந்தச் சில புள்ளிகள் ஒரு குடும்பத்தின் மாதாந்திர உதவித்தொகையைத் தீர்மானிக்கின்றன.

சோதனை என்பது யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கசப்பான தொடக்கம் உண்டு. 1921-இல் அமெரிக்க இதழொன்றில் டி.எஸ். ஹெரிக் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்னிந்தியாவின் பிராமணக் குழந்தைகளையும் பஞ்சமக் குழந்தைகளையும், இரு சாராரையும் அமெரிக்கக் குழந்தைகளோடும், மரப்பலகைச் சோதனை ஒன்றை வைத்து ஒப்பிடும் கட்டுரை. விடையை விடுங்கள். சோதனை இந்த மண்ணில் காலெடுத்து வைத்ததும் அதற்குத் தோன்றிய முதல் கேள்விகளில் ஒன்று அது. கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இனி, மேற்குச் சென்னைக்கு என்று என்ன கேள்விகள் இருக்கின்றன? ஆவடியில் 1961-இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை மூன்று தலைமுறைக் குடும்பங்களை வளர்த்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அது ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். என்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. அரசு வேலை என்று நம்பி நுழைந்தவர்கள் ஒரே நாளில் கம்பெனி ஊழியர் ஆவோமா என்ற கேள்வியோடு வீடு திரும்பினார்கள். நிச்சயமின்மை மனிதர்களை என்ன செய்கிறது என்று பாடப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் உண்டு. அது நேர் எதிரில் நடந்தது. அதே ஊரில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அணிகள், மத்திய ரிசர்வ் போலீஸ் படை மையம், விமானப்படை நிலையம். 2022 முதல் தனிக் காவல் ஆணையரகம். பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் நாள் கணக்கில் தூக்கமில்லாமல் நிற்கும் காவலர்களின் மனநிலை பற்றி மாநிலமே கவலைப்பட்டு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு நலவாழ்வுத் திட்டம் வகுத்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இலிருந்து இயங்குகிறது. லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே இப்போது கண்ணாடிக் கட்டடங்களில் ஐ.டி. கம்பெனிகள், இரண்டிலும் இரவுப் பணி உண்டு. வட மாநிலத்திலிருந்து வந்து ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களின் தனிமையை அளக்கத் தமிழ் அளவுகோல்கூடப் போதாது, ஒடியாவும் போஜ்புரியும் வேண்டும். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான பழைய அரசுப் பள்ளியும், பார்வைக் குறையுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் இருக்கின்றன. மரப்பலகையையும் படத்தையும் நம்பியிருக்கும் சோதனைகளை அங்கே என்ன செய்வது?

தொழிற்சாலை ஆய்வுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அகமதாபாத் காலிகோ மில்லில் ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் 1953-இல் ஒரு பரிசோதனை செய்தார். தறிக்கு ஓர் ஆள், வேலைக்கு ஓர் ஆள் என்று சிதறியிருந்தவர்களைச் சிறு குழுக்களாக்கி, ஒரு தொகுதித் தறிகளை அவர்கள் பொறுப்பில் விட்டார். உற்பத்தி கூடியது, சேதாரம் குறைந்தது. உலகப் புகழ்பெற்ற ஆய்வு. மேலாண்மைப் பாடத்தில் இன்றும் வருகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது பிறகு நடந்தது. எரிக் மில்லர் என்ற இன்னோர் ஆய்வாளர் 1970-இல் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒரு கொட்டகையில் குழுமுறை அப்படியே நிலைத்திருந்தது. மற்றவற்றில் பழைய வழிக்கே திரும்பிவிட்டிருந்தார்கள். அதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். போய்ப் பார்த்திராவிட்டால் அது என்றைக்கும் வெற்றிக் கதையாகவே இருந்திருக்கும்.

திரும்பப் போய்ப் பார்ப்பதில் சென்னைக்கே ஒரு பெருமை உண்டு. அது மேற்குச் சென்னையின் வாசலில்தான் இருக்கிறது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர்களில் ஒருவரும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்தவருமான சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப், அண்ணா நகர் மேற்கு விரிவில் இயங்குகிறது. பின்னாளில் அதை வழிநடத்திய ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும் 1980-களின் தொடக்கத்தில் மனச்சிதைவு நோய்க்கு முதன்முதலாகச் சிகிச்சைக்கு வந்த 90 பேரைப் பட்டியலிட்டு, பத்தாண்டு, இருபதாண்டு, அதற்கும் மேல் என்று விடாமல் பின்தொடர்ந்தார்கள். வீடு மாறியவர்களை, வேலை மாறியவர்களைத் தேடிப் போனார்கள். நோயோடும் ஆண்களில் பெரும்பான்மையோர் ஏதாவது வேலையில் இருந்தார்கள் என்ற செய்தி அப்படித்தான் வெளிவந்தது. 'மெட்ராஸ் லாங்கிட்யூடினல் ஸ்டடி' என்று உலகம் அறிந்த ஆய்வு அது. 90 பேர்தான். நம் மாநாடுகளில் ஒரே மதியம் 90 பேரை அளந்த பத்துக் கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றன. எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை, பொறுமையில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி முகப்பேரில் 1993 முதல் இருக்கிறது பான்யன். வீடற்ற, மனநலம் குன்றிய பெண்களுக்கு அடைக்கலமாகத் தொடங்கியது, பிறகு அவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடிவைத்து, அதன் விளைவையும் அளந்து எழுதியது. ஸ்நேகா 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் இருக்கிறது. தேர்வில் தவறிய பிள்ளைகள் ஓராண்டை இழக்காமல் உடனே மறுதேர்வு எழுதும் ஏற்பாடு, அந்த அமைப்பு வலியுறுத்தி நடைமுறைக்கு வந்த விஷயங்களில் ஒன்று. ஆய்வு ஒரு விதியை மாற்றலாம் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று கிடைக்காது. இந்த மூன்று இடங்களிலும் எழுதப்பட்டவை சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் எத்தனை பக்கம் இடம்பிடித்திருக்கின்றன என்று துறைத் தலைவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். அந்நிய உளவியலே நமக்குப் பொருந்தாது, நம் மரபிலிருந்து ஓர் உளவியல் வேண்டும் என்பார்கள். பழைய விவாதம் இது. அஷீஷ் நந்தியும் துர்கானந்த் சின்ஹாவும் 1970-கள், 80-களில் இந்திய உளவியலின் இரவல் தன்மையைக் கடுமையாகவே விமர்சித்தார்கள். இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் தொகுத்த உளவியல் ஆய்வு மதிப்பீடுகளிலும், 1972-இல் எஸ்.கே. மித்ரா பதிப்பித்த முதல் தொகுதி தொடங்கி, இந்தக் குரல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. 2002-இல் புதுச்சேரியில் கூடிய 150-க்கும் மேற்பட்ட உளவியலாளர்கள் 'இந்திய உளவியல்' பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள். அவர்களுடைய ஆதங்கம் நியாயமானது. ஆனால் யோக சூத்திரம் பழையது, நம்முடையது என்பதாலேயே அம்பத்தூர் லேத் தொழிலாளிக்கு ஃபிராய்டைவிட நெருக்கமாகிவிடாது. இரண்டையுமே அவர்முன் வைத்துச் சோதித்துப் பார்த்தாக வேண்டும். வட்டாரம் என்பது மரபைவிடச் சின்ன சொல், கையில் பிடிக்கக்கூடிய சொல்.

வட்டாரத்தை அப்படிக் கையில் பிடிப்பதை யாழ்ப்பாணம் செய்து காட்டியது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1980-களின் இறுதியில், சாந்திகம் என்ற அமைப்பு உளவளத்துணையைத் தமிழில் பயிற்றுவிக்கத் தொடங்கியது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தம் நோயாளிகளிடம் கண்டதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். நெஞ்செரிவு, தலையிடி, உடம்பு உளைவு என்று மக்கள் உடலைக் கொண்டு சொல்லும் துயரத்தைக் குறிப்பெடுத்தார். கோயில் சடங்கும் சாவீட்டுக் கூடலும் நின்றுபோன ஊர்களில் தனிமனிதர் மட்டுமல்லாமல் கூட்டமே காயப்பட்டிருப்பதைச் சொன்னார். பெரிய பல்கலைக்கழக வசதிகள் ஏதும் இல்லாத இடத்திலிருந்து வந்த இந்த எழுத்தை உலகம் எடுத்துப் படித்தது. குண்டு விழும் ஊரில் முடிந்தது, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் முடியாது என்று சொல்ல நியாயமில்லை.

சங்கத்துக்கு ஆய்வைத் தாண்டியும் ஒரு கடமை இருக்கிறது: தொழிலைக் காப்பது. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு வேண்டும், அதற்கு எம்.ஃபில். படிப்பே வழக்கமான வழியாக இருந்தது. புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில்லை எடுத்ததும் இந்தப் படிப்புக்கு மட்டும் சில ஆண்டுகள் நீட்டிப்புக் கொடுத்துக் கொடுத்து ஓட்டினார்கள். 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் நடத்தை நலத் துறையினரையும் தன் வரம்பில் சேர்த்திருக்கிறது. இதற்கு நடுவே 'கவுன்சலர்' என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்ற நிலை. தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்தது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகவும், சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் மாறுபட்டு 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகவும் சொன்னது. இவ்வளவு பெரிய பள்ளத்தில் அரைகுறைப் பயிற்சிக்காரர்கள் இறங்குவதைத் தடுக்க டெல்லியின் பதிவேடு மட்டும் போதாது. யார் எங்கே படித்தவர், யாரிடம் அனுப்பலாம் என்று ஆவடிப் பள்ளித் தலைமையாசிரியர் கேட்டால் சொல்வதற்கு ஒரு வட்டாரச் சங்கம் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நான் சொல்வதில் பெரும்பகுதிக்குப் பணம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் செலவில் ஒரு கேள்வித்தாளை முறையாகத் தமிழாக்கி, திரும்ப ஆங்கிலமாக்கி, நூறு பேரிடம் முன்சோதனை செய்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு தலைப்பு என்று அகலமாக வைக்காமல், ஐந்தாண்டுக்கு ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். கடைக்குப் போகும் எட்டு வயதுப் பிள்ளைகள் பற்றிய கேள்வியே போதும். ஒவ்வொரு கல்லூரியும் ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். எதிர்பார்த்தது கிடைக்காத ஆய்வுகளுக்கு மலரில் தனி இடம் ஒதுக்கட்டும். வாசிப்பை ஏழு நிமிடத்திலிருந்து இருபது நிமிடமாக்கி, கட்டுரைகளைக் கால்பங்காகக் குறைக்கட்டும். ஒரு அமர்வாவது முழுக்கத் தமிழில் நடக்கட்டும். பள்ளி ஆசிரியர்களும் சிறப்புப் பள்ளிப் பெற்றோரும் காவல்துறை நலப் பிரிவினரும் உட்கார்ந்து கேட்டு, 'இது எங்கள் அனுபவத்தில் இப்படி இல்லையே' என்று எழுந்து சொல்லட்டும். வருகிறவர்கள் குறைவார்கள் என்ற பயம் வேண்டாம். சான்றிதழுக்காக மட்டும் வருகிறவர்கள் வராமல் போவதால் ஆய்வுக்கு நட்டமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், மாநாட்டின் முதல் அமர்வு சென்ற ஆண்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். வாசித்த ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் எழுந்து, தன் ஆய்வு அச்சேறியதா, இன்னொருவர் திரும்பச் செய்து பார்த்தாரா, கைவிடப்பட்டதா என்று சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவான ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவை உறுப்பினர்கள் முன் வைத்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை சந்தா கட்டிய எல்லோருக்கும் உண்டு. உங்கள் ஊர் உளவியல் சங்கத்தில் நீங்கள் உறுப்பினராக இருந்தால், அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு வாசித்து முடிந்ததும் கையைத் தூக்கி, போன ஆண்டு வாசித்த கட்டுரைகள் என்ன ஆயின என்று கேளுங்கள். பதிலை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதவும் சொல்லுங்கள்.